ஹெசிடேட்: தயக்கம் மறுப்பு ஆகாது



சென்ற திங்களில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் நம் அறை வாசலில் நின்றார். அவருடைய மகன் வேலைக்கு விண்ணப்பித்து ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் அது. கடைசி வரியில், 'ப்ளீஸ் டு நாட் ஹெசிடேட் டு காண்டாக்ட் மீ' என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "சாமி, என்னோடு தொடர்பு கொள்ளத் தயங்காதீர்கள் என்று ஓர் அதிகாரிக்கு எழுதலாமா? வேலை கொடுப்பவர் ஏன் தயங்கப் போகிறார்? தயங்க வேண்டியவன் இவனல்லவா?"

கேள்வி மிக நியாயமானது. இதற்கு விடை கூறப் புகுந்தால் 'ஹெசிடேட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லின் பிறப்பையும் நடையையும் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. தவிரவும், இச்சொல்லோடு நமக்குத் தனிப்பட்ட ஒரு பழங்கணக்கும் உண்டு. அதையும் இத்திங்கள் தீர்த்துவிடலாம் என்று எண்ணுகிறோம்.

பிறப்பும் ஒலிப்பும்

குருமடத்தில் நாம் கற்ற சொற்ப லத்தீன் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. 'ஹெரேரே' என்பது ஒரு லத்தீன் வினை. ஒட்டிக்கொள்ளுதல், சிக்கிக்கொள்ளுதல், அசையாது பற்றி நிற்றல் என்பன அதன் பொருள்கள். ஒரு செயல் மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காட்டுவதற்கு அம்மொழியில் வினையின் உருவையே சிறிது மாற்றிக்கொள்வார்கள். அவ்வாறு உருவானது 'ஹெசித்தாரே'. மறுபடியும் மறுபடியும் சிக்கிக்கொள்ளுதல் என்பது அதன் நேர்ப்பொருள். இதிலிருந்தே 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'ஹெசிடேட்' ஆங்கிலத்தில் குடியேறிற்று.

அதே குடும்பத்தில் பிறந்த வேறு சொற்களும் ஆங்கிலத்தில் உள்ளன. ஒட்டும் பசையைக் குறிக்கும் 'அட்ஹீசிவ்', ஒரு கொள்கையை விடாது பற்றுதலைக் குறிக்கும் 'அட்ஹியர்', பேச்சு முன்பின் ஒட்டி வருவதைக் குறிக்கும் 'கோஹியரன்ட்', உள்ளேயே ஒன்றியிருப்பதைக் குறிக்கும் 'இன்ஹியரன்ட்' ஆகிய நான்கும் இதன் உடன்பிறப்புகளே. பிதிரார்ச்சிதமாகப் பெறுதலைக் குறிக்கும் 'இன்ஹெரிட்' மட்டும், முகச்சாயல் ஒத்திருப்பினும், இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது வாரிசு எனப் பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லின் வழியாக வந்தது.

ஆகவே, சேற்றில் சக்கரம் புதைந்த மாட்டுவண்டியை மனக்கண்ணால் காணுங்கள். மாடுகள் இழுக்கின்றன, சக்கரம் சிறிது எழுகிறது, மீண்டும் அமிழ்கிறது. வண்டி போகவில்லை; போகமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. 'ஹெசிடேட்' என்னும் சொல்லின் உள்ளே இருக்கும் சித்திரம் இதுதான்.

நம் தமிழ்ச் சொல்லாகிய 'தயங்கு' வேறொரு சித்திரத்தைக் காட்டுகிறது. பழந்தமிழில் இச்சொல் அசைதல், ஒளிவிடுதல் என்னும் பொருள்களிலும் வழங்கிற்று. அலை தயங்குவதாகப் பழம்புலவர் பாடியுள்ளனர். லத்தீனியனுக்குத் தயக்கம் சேற்றில் சிக்கிய சக்கரம்; தமிழனுக்கோ இப்பாலும் அப்பாலும் ஆடும் அலை. ஒன்று அசைய முடியாமல் நிற்கிறது. மற்றது நிற்க முடியாமல் அசைகிறது. தயங்குகிற மனிதனுடைய நெஞ்சை உற்று நோக்கினால் இரண்டும் உண்மை என்பது விளங்கும்.

இனி ஒலிப்பு. அழுத்தம் முதல் அசையாகிய 'ஹெ' என்பதன் மேல் விழ வேண்டும். இடையில் வரும் எஸ் எழுத்தை 'ச' என்று ஒலிப்பது பிழை. தேனீயின் ரீங்காரத்தை ஒத்த அதிர்வொலி அங்கே கேட்க வேண்டும். நம் எழுத்தில் அவ்வொலிக்கு வடிவம் இல்லாமையால் 'ஹெசிடேட்' என்று எழுதி ஒருவாறு அமைகிறோம். பிள்ளைகள் பள்ளி ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று.

வாக்கியத்தில் அதன் இடம்

இது செயப்படுபொருள் குன்றிய வினை. தமிழிலும் 'அவனைத் தயங்கினான்' என்று நாம் சொல்வதில்லை. 'தயங்கினான்' என்பதோடு முடித்துவிடுகிறோம். ஆயினும் நம் பிள்ளைகள் 'த லெட்டர் ஹெசிடேட்டட் மீ' என்று எழுதுவதைக் கண்டிருக்கிறோம். அக்கடிதம் என்னைத் தயங்க வைத்தது என்பது அவர்களுடைய கருத்து. அதற்கு 'த லெட்டர் மேட் மீ ஹெசிடேட்' என்றே எழுத வேண்டும்.

எதைச் செய்யத் தயங்குகிறோம் என்று கூற வேண்டின், 'டு' என்பதையும் அதையடுத்து வினையின் மூல வடிவத்தையும் இட வேண்டும். 'ஷி ஹெசிடேட்டட் டு ஆன்சர்' என்றால் பதில் கூறத் தயங்கினாள் என்று பொருள். ஒரு பொருளைப் பற்றிய தயக்கமாயின் 'அபவுட்' அல்லது 'ஓவர்' வரும். இரண்டினிடையே எதைக் கொள்வது என்ற தயக்கமாயின் 'பிட்வீன்' வரும். பெயர்ச்சொல் வடிவம் 'ஹெசிடேஷன்'. தயங்குகிற நிலையிலுள்ளவரைக் குறிக்கும் பெயரடை 'ஹெசிடன்ட்'. அந்த மனநிலைக்குப் பெயர் 'ஹெசிடன்ஸி'. இவற்றை மனனம் செய்துகொண்டால் தேர்வுக்குப் போதும்.

ஆனால் தேர்வுக்கு அப்பாலும் வாழ்க்கை இருக்கிறதல்லவா? அதற்குப் பயன்படக்கூடிய நுட்பம் ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. பின்வரும் இரு வாக்கியங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 'ஷி ஹெசிடேட்டட் பிஃபோர் ஆன்சரிங்' என்பது முதலாவது. பதில் கூறுவதற்குமுன் சற்றுத் தயங்கினாள் என்பது இதன் பொருள். ஆகவே பிறகு பதில் கூறினாள் என்பது குறிப்பாகப் பெறப்படுகிறது. 'ஷி ஹெசிடேட்டட் டு ஆன்சர்' என்பது இரண்டாவது. இங்கே அவள் பதில் கூறினாளா, கூறாது விட்டாளா? வாக்கியம் வாய் திறப்பதில்லை. சக்கரம் சிக்கியது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அது நின்றுவிடுகிறது. வண்டி பிறகு கரையேறிற்றா என்பதை அடுத்த வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

'ஹெசிடேட்' என்னும் சொல்லைப் பற்றி நாம் நினைவில் கொள்ள வேண்டிய முதன்மையான செய்தி இதுவே. அது முடிவைக் கூறும் சொல் அன்று. முடிவுக்கு முந்திய நிறுத்தத்தைக் கூறும் சொல். அந்நிறுத்தத்திலேயே 'இல்லை' என்பதைக் கேட்டுவிடுகிறவர்களும் தவறுகிறார்கள். 'ஆம்' என்பதைக் கேட்டுவிடுகிறவர்களும் தவறுகிறார்கள்.

அண்டை வீட்டுச் சொற்கள்

இதன் அண்டையில் வாழும் சொற்களைத் தெரிந்துகொண்டால் வேற்றுமை இன்னும் துலங்கும். 'பாஸ்' என்பது வெறும் நிறுத்தம். வாசகம் வாசிப்பவர் காற்புள்ளி வந்த இடத்தில் நிறுத்துகிறார். அதற்காக அவர் தயங்கினார் என்று யாரும் கூறுவதில்லை. மனத்தில் ஓர் ஐயமோ அச்சமோ கூச்சமோ இருந்தால்தான் நிறுத்தம் தயக்கமாகிறது. 'வேவர்' என்பது அலைபோல் இங்குமங்கும் சாய்தல். நம் 'தயங்கு' என்பதற்கு மிக நெருங்கிய உறவு. 'ஃபால்ட்டர்' என்பது நடந்துகொண்டிருந்த கால் இடறுவது, பேசிக்கொண்டிருந்த குரல் தழுதழுப்பது. 'ஹெசிடேட்' பெரும்பாலும் தொடங்கும்முன் வருவது; 'ஃபால்ட்டர்' தொடங்கிய பின் வருவது.

'ரிலக்டன்ட்' என்னும் சொல்லையும் இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. எதிர்த்துப் போராடுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. ரிலக்டன்ட் ஆனவருடைய மனம் ஏற்கெனவே 'வேண்டாம்' என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. ஹெசிடன்ட் ஆனவருடைய மனம் இன்னும் சாயவில்லை. 'ரெஃப்யூஸ்' என்பதோ கதவையே மூடிவிடுகிறது.

'ஸ்க்ரூபிள்' என்னும் சொல்லும் இத்தெருவில் குடியிருப்பதுதான். கூர்மையான சிறு கல் என்பது அதன் லத்தீன் மூலத்தின் பொருள். மிதியடிக்குள் புகுந்துகொண்ட பொடிக்கல் வழிநடப்பவரை அடிக்கடி நிற்கச் செய்வதைப்போல, மனச்சாட்சிக்குள் புகுந்த சிறு ஐயம் ஒருவரை நின்று நின்று நடக்கச் செய்கிறது. லொயோலா இஞ்ஞாசியார் மன்ரேசாவில் இத்தகைய ஐயங்களால் பெரிதும் வருந்தியவர். பின்னர்த் தம் ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் இதற்கென்றே குறிப்புகள் எழுதிவைத்தார். தற்செயலாகக் கிடந்த வைக்கோல் துரும்புகள் சிலுவை வடிவில் அமைந்திருக்க, அதை மிதித்துவிட்டுப் 'பாவம் செய்தேனோ, செய்யவில்லையோ' என்று தத்தளிக்கிறவனை அவர் அங்கே உதாரணம் காட்டுகிறார். இதைப்போன்ற தயக்கத்துடன் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருகிறவர்களை ஒவ்வொரு பங்குத் தந்தையும் அறிவார்.

இன்னொரு வழக்கும் உண்டு. சொல் திக்குவதையும் ஆங்கிலத்தில் 'ஹெசிடேஷன்' என்று குறிப்பது பழைய வழக்கம். லத்தீனிலேயே நாக்கு ஒட்டிக்கொள்வதற்கு இவ்வினை ஆளப்பட்டது. நாமும் பேச்சில் சிக்கிக்கொண்டால் 'வந்து...' என்கிறோம். "சாமி... வந்து..." என்று தொடங்கி, மென்று விழுங்கி, கூரையைப் பார்த்து, மறுபடியும் "வந்து..." என்பவர்கள் நம் அறைக்கு நாள்தோறும் வருகிறார்கள். அந்த 'வந்து' என்பதற்குப் பின்னால் வருவதே பெரும்பாலும் அவர்கள் சொல்ல வந்த செய்தி. அவசரப்பட்டு நாம் குறுக்கிட்டால், பள்ளிக் கட்டணத்தைப் பற்றியோ கல்லறைத் திருநாளைப் பற்றியோ ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஒரு நற்சான்றின் கதை

இனி நம் பழங்கணக்கு.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய வேறொரு பங்கில், உபதேசியாரின் மகள் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். நல்ல பெண், படிப்பில் கெட்டி. பங்குத் தந்தையின் நற்சான்று வேண்டுமென்று விண்ணப்பத் தாளில் கண்டிருந்தது. ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொடுக்க வேண்டுமென்று நமக்கு ஆசை. அவளுடைய ஒழுக்கத்தையும் உழைப்பையும் பத்து வரிகளில் புகழ்ந்தோம். பத்தாவது வரிக்கு வந்தபோது, இதற்குமேல் புகழ்ந்தால் முகத்துதிபோல் ஆகிவிடுமே என்ற கூச்சம் நமக்கு வந்தது. 'மேலும் கூறக் கூசுகிறோம்' என்று தமிழில் நினைத்தோம். அதை 'ஐ ஹெசிடேட் டு சே மோர்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டு முத்திரையும் குத்தினோம்.

தெரிவானவர்களின் பட்டியல் வந்தது. அவள் பெயர் அதில் இல்லை. இடம் குறைவு, விண்ணப்பித்தவர் மிகுதி என்று நாமே அவளுக்கு ஆறுதல் கூறினோம். சில வாரங்கள் சென்று, ஓர் அடக்கச் சடங்கில் அப்பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த அருட்சகோதரி ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. பேச்சோடு பேச்சாக அவர் கூறினார்: "ஃபாதர், அந்தப் பெண்ணைப் பற்றி மேலும் சொல்ல நீங்களே தயங்கியிருந்தீர்கள். வெளியில் சொல்ல முடியாத காரணம் ஏதோ இருக்கிறது என்று எண்ணி விட்டுவிட்டோம்."

நமக்குத் தலை சுற்றிற்று. ஆங்கிலத்தில் 'ஐ ஹெசிடேட் டு சே' என்று ஒருவர் எழுதினால், சொல்லக்கூடாத ஒன்று நாவின் நுனியில் நிற்கிறது என்பதே பொருள். புகழை நிறுத்திக்கொள்ள நாம் இட்ட வரி, பழியை மறைத்துவைத்த திரையாகப் படிக்கப்பட்டுவிட்டது. சகோதரியைக் குறை கூற நமக்கு வாயில்லை. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றியது உண்மை. கேட்கத் தேவையில்லாதபடி எழுதியிருக்க வேண்டியவர் நாமல்லவா?

இதற்கும் மேலான வெட்கம் ஒன்று உண்டு. உண்மை தெரிந்த பிறகும் அந்தக் குடும்பத்திடம் போய்ச் சொல்ல நாம் இரண்டு ஞாயிறுகள் தயங்கினோம். நாள்தோறும் விடியற்காலையில் உபதேசியார் மணியடித்துக் கோயிலைத் திறப்பார். நாம் உடுப்பறைக்குள் நுழைவோம். அவர் தோத்திரம் சொல்லுவார். நாம் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவோம். லத்தீனில் படித்த சொல்லின் பொருள் அப்போதுதான் நமக்கு முற்றும் புரிந்தது. சக்கரம் சேற்றில் சிக்கியே கிடந்தது.

மூன்றாம் ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் அமர்ந்து நடந்ததைக் கூறினோம். உபதேசியார் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவிதான் கேட்டார்: "ஒரு வார்த்தைக்கா சாமி, ஒரு வருஷம்?" அதற்கு நம்மிடம் விடை இல்லை. அந்தப் பெண் உள்ளே போய் நமக்கு வரக்காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாளே பள்ளிக்கு விளக்கம் எழுதினோம். அவ்வாண்டு இடங்கள் நிரம்பிவிட்டன. மறு ஆண்டுதான் அவள் சேர்ந்தாள். இன்று அவர் வேறொரு மாவட்டத்தில் பொறுப்பான செவிலியர். ஆண்டு தவறாமல் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து வருகிறது. நாம் தமிழிலேயே பதில் எழுதுகிறோம்.

மறைநூலில் இச்சொல்

லத்தீன் விவிலியமாகிய வுல்காத்தாவில் 'ஹெசித்தாரே' சில முக்கியமான இடங்களில் வருகிறது. புனித யாக்கோபின் திருமுகம், முதல் அதிகாரம் 6ஆம் வசனம் அவற்றுள் ஒன்று. விசுவாசத்தோடு கேளாமல் தயங்கிக் கேட்கிறவனை அங்கே அவர் காற்றால் அலைக்கப்படும் கடலலைக்கு ஒப்பிடுகிறார். தமிழ்த் 'தயங்கு' என்பதன் பழம்பொருளை அறிந்தவர்களுக்கு இவ்வுவமை சொந்த ஊர்க்காரரைக் கண்டதுபோல் இருக்கும்.

இதை வைத்துக்கொண்டு, தயக்கம் எல்லாமே பாவம் என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் அப்போஸ்தலர் பணி 10ஆம் அதிகாரத்தையும் படிக்க வேண்டும். யோப்பா நகரில் தோல் பதனிடும் சீமோனின் வீட்டு மாடியில் பேதுரு செபித்துக்கொண்டிருந்தபோது ஒரு காட்சி காண்கிறார். விலக்கப்பட்ட உயிரினங்களை உண்ணும்படி அக்காட்சி அவரைப் பணிக்கிறது. இதன் பொருள் யாதென்று அவர் தமக்குள் தயங்கினார் என்று கூறுமிடத்தில், 17ஆம் வசனத்தில், வுல்காத்தா 'ஹெசித்தாரே' என்னும் வினையையே ஆளுகிறது. அவர் அவ்வாறு தயங்கிக்கொண்டிருக்கும்போதுதான், யூதரல்லாத கொர்னேலியு அனுப்பிய ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். பேதுரு கீழே இறங்கி அவர்களை உள்ளே அழைத்து விருந்தோம்புகிறார். மறுநாள் அவர்களோடு செசரேயாவுக்குப் புறப்படுகிறார்.

அடுத்த அதிகாரம் 12ஆம் வசனத்தில், எருசலேம் சபையாருக்கு அவர் இதை விவரிக்கிறார். சற்றும் தயங்காது அவர்களோடு போகும்படி ஆவியார் தமக்குக் கட்டளையிட்டதாக அங்கே கூறும்போது, அதே வினை மீண்டும் வருகிறது. ஒரே மனிதர், ஒரே சொல். மாடியில் தயங்கினார், வழியில் தயங்கவில்லை. விளங்காததை விளங்கிக்கொள்ளும் வரை நின்றது ஒரு தயக்கம். அதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. விளங்கிய பிறகும் நிற்பது இன்னொரு தயக்கம். அதைத்தான் அவர் விட்டுவிட வேண்டியிருந்தது. உபதேசியார் வீட்டுக்குப் போகாமல் நாம் கழித்த இரண்டு ஞாயிறுகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

திருவள்ளுவரும் இதே வரம்பைத்தான் கட்டியிருக்கிறார். எண்ணிப் பார்த்த பிறகே செயலில் இறங்க வேண்டும் என்பது 467ஆம் குறளின் கருத்து. காலம் தாழ்த்திச் செய்யத்தக்கதைத் தாழ்த்தியும், தாழ்த்தாது செய்யத்தக்கதை உடனேயும் செய்ய வேண்டும் என்பது 672ஆம் குறளின் கருத்து. 'தயங்கியவன் கெட்டான்' என்று பொருள்படும் ஆங்கிலப் பழமொழி ஒன்று உண்டு. ஜோசப் அடிசன் இயற்றி 1713இல் லண்டனில் மேடையேறிய 'கேட்டோ' நாடகத்தின் வரி ஒன்றை அதன் மூலமாகக் காட்டுவார்கள். அங்கே பேசப்படுபவள், காதலுக்கு இணங்கலாமா என்று ஆராயத் தொடங்கிவிட்ட ஒரு பெண். பழமொழியோ அவளை மறந்துவிட்டு எல்லாரையும் விரட்டத் தொடங்கிவிட்டது. பாயும்முன் பார் என்று அதே ஆங்கிலத்தில் இன்னொரு பழமொழியும் இருப்பதை மறக்க வேண்டாம்.

கேட்கத் தெரிந்த காது

தயக்கத்தை மறுப்பாகப் படித்துவிடும் பழக்கம் தனி மனிதருக்கு மட்டும் உரியதன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் மக்கள் நல்வாழ்வுக்கு அச்சுறுத்தலான பத்துக் காரணங்களைப் பட்டியலிட்டபோது 'வேக்சின் ஹெசிடன்ஸி' என்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. தடுப்பூசித் தயக்கம் என்று நம் செய்தித்தாள்கள் அதைத் தமிழாக்கின. தடுப்பூசி கிடைக்கும் நிலையிலும் ஏற்கத் தாமதிப்பது, மறுப்பது ஆகிய இரண்டையுமே அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு இப்பெயரில் அடக்கியிருந்தது. கணக்கெடுப்புக்கு அது வசதியாயிருக்கலாம். ஆயினும் வீட்டு வாசலில் நின்று பேசுகிறவருக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. கோவிட் காலத்தில், 2021இல், நம் பங்கில் ஊசி போட்டுக்கொள்ள வராத முதியவர்கள் சிலரைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். உட்கார்ந்து கேட்டபோது ஒருவருக்குச் சர்க்கரை நோயைப் பற்றிய அச்சம். இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லையே என்ற கவலை. கேட்டு, விளக்கி, கஞ்சிக்கு ஏற்பாடு செய்தவுடன் அவர்கள் வந்தார்கள். மறுத்தவர்கள் அல்லர் அவர்கள், சிக்கியிருந்தவர்கள்.

தயக்கத்தைச் சம்மதமாகப் படித்துவிடும் பழக்கம் இதனினும் கொடியது. திருமண விசாரணையின்போது மணமகனையும் மணமகளையும் நாம் தனித்தனியே கேட்கிறோம். சம்மதம் இருவருடைய சுதந்தரமான மனத்திலிருந்து வர வேண்டும். வற்புறுத்தலாலோ பேரச்சத்தாலோ பெறப்பட்ட சம்மதம் செல்லாது என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் விதி. சில ஆண்டுகளுக்குமுன் ஒரு பெண்ணிடம், "உனக்கு முழு மனந்தானா, அம்மா?" என்று கேட்டோம். அவள் தலைகுனிந்து பேசாதிருந்தாள். கதவருகே நின்ற பாட்டி, "வெட்கம் சாமி, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

நாம் எழுதவில்லை. நற்சான்று எழுதிய கை அது, சற்றுப் பயந்திருந்தது. பாட்டியை வெளியே அமரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். நெடுநேரம் கழித்து அவள், "சாமி... வந்து..." என்று தொடங்கினாள். பையனைப் பிடித்திருக்கிறதாம். ஆசிரியர் பயிற்சியின் இறுதித் தேர்வுக்கு இன்னும் மூன்று திங்கள்தான். இப்போது மணமானால் தேர்வு போய்விடும் என்ற அச்சம். அதைச் சொன்னால் பையனை வேண்டாம் என்கிறாள் என்று வீட்டில் எடுத்துக்கொள்வார்களே என்ற அச்சம். இரு வீட்டாரையும் அழைத்துப் பேசினோம். தேதி நான்கு திங்கள் தள்ளிப்போயிற்று. தேர்வும் நடந்தது, திருமணமும் நடந்தது. அவளுடைய மௌனத்தை 'ஆம்' என்று எழுதியிருந்தால் ஒன்றை இழந்திருப்பாள். 'இல்லை' என்று எழுதியிருந்தால் மற்றதை இழந்திருப்பாள்.

ஆகவே அன்பர்களே, யாரேனும் உங்கள் முன் தயங்கி நின்றால், வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று கொள்ளுங்கள். பணம் கேட்க வந்து வாசலில் நிற்கும் தம்பியாயினும், மதிப்பெண் தாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கும் மகனாயினும், அந்த வாக்கியத்தை அவரே முடிக்கட்டும். நாம் முடித்துவைக்க வேண்டாம்.

இனி, தாளோடு வந்த நம் குடும்பத் தலைவருக்கு விடை. 'ப்ளீஸ் டு நாட் ஹெசிடேட்' என்பது மரியாதைக் குறைவான தொடர் அன்று. பிறருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமோ என்று கூசக்கூடியவரை, கூச வேண்டாம் என்று இதமாக அழைக்கும் தொடர் அது. வீட்டுக்காரர் விருந்தினரிடம் சொல்லலாம். மருத்துவர் நோயாளியிடம் சொல்லலாம். வேலை கேட்கிறவன் வேலை கொடுப்பவரிடம் சொன்னாலும் பிழை ஆகாது. ஆயினும் அங்கே அவர் கூசுவதற்கு ஒன்றுமில்லை ஆதலால், தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் வரச் சித்தமாயிருக்கிறேன் என்ற பொருளில் எளிமையாக எழுதுவது பொருத்தம். அவ்வாறே மாற்றி எழுதிக் கொடுத்தோம்.

எழுதி முடித்ததும் ஆங்கிலம் நன்கறிந்த பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் அதைக் காட்டிவரச் சொன்னோம். "நீங்கள் எழுதியதையா சாமி?" என்று அவர் தயங்கினார். தயங்காமல் போகச் சொன்னோம்.